கடற்கழனி உழத்தியர்

வரலாறு எழுதியோர் நெல்லைப் பற்றி எழுதினர். கரும்பைப் பற்றி எழுதினர். மிளகுக்காகக் கப்பல்கள் மோதிய கதையை ஏடு ஏடாக எழுதிக் குவித்தனர். ஆனால், வேருமின்றிப் பூவுமின்றி அலையடியில் விளையும் ஒரு பயிரைப் பற்றி அவர்கள் எழுதியது சிறிது. அதை விளைவித்த கைகளைப் பற்றி எழுதியதோ அதனினும் சிறிது. வெப்பக் கடல்களில் வளரும் செம்பாசியே அப்பயிர். அதன் வரலாற்றைப் புரட்டுவோம், தோழர்களே! பயிரின் கதை மட்டுமன்று, பயன் எவரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கதையும் அதிலே தெரியும்.

செம்பாசி என்பது குலப்பெயர். கண்ணுக்குச் சில பச்சையாகத் தோன்றும். சில பழுப்பாகத் தோன்றும். அவற்றிலிருந்து கிடைக்கும் கூழ்ப்பொருள்களில் இரண்டு உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. ஒன்று அகர். நோன்புக் காலத்தில் நம் கரையோர இசுலாமிய இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைக்கிறார்களே, அந்தக் ‘கடற்பாசி’ இதுதான். மற்றொன்று காராஜீனன். ஐஸ்கிரீம் குழையாமல் நிற்கவும், சாக்லேட் பாலில் கோக்கோத் தூள் அடியில் தங்காதிருக்கவும், பற்பசை பதம் கெடாதிருக்கவும் உதவுவது அது.

அகரை அறிவியலுக்கு அளித்தது ஆய்வுக்கூடமா? இல்லை, அடுக்களை! 1881-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தார் கிருமிகளை வளர்க்க முயன்று திண்டாடினர். அவர்கள் பயன்படுத்திய ஜெலட்டின் உடல் வெப்பத்திலேயே உருகியது. கிருமிகளில் சில அதனைத் தின்று நீராக்கின. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபானி ஹெஸ்ஸே வழி சொன்னார்: அகரை இட்டுப் பாருங்கள் என்று. ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சுக் குடும்பத்தாரிடம் அவர் கற்ற சமையல் நுணுக்கம் அது. கூழ் உருகவில்லை, ஆய்வு வென்றது. காசநோய்க் கிருமியைக் கண்டதை அறிவித்த 1882-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காக் அகரைக் குறிப்பிட்டார், அம்மையாரைக் குறிப்பிடவில்லை. 1887-இல் வந்த வட்டக் கிண்ணத்துக்குப் பெட்ரியின் பெயர் நிலைத்தது. கிண்ணத்துக்குப் பெயருண்டு, கிண்ணத்தில் ஊற்றியதைத் தந்தவருக்குப் பெயரில்லை! வழிவழியாக அந்தப் பக்குவத்தைக் காத்த ஜாவா மக்களுக்கோ ஒரு வரியும் இல்லை.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அகர் வாணிபம் பெரும்பாலும் ஜப்பானின் கையில் இருந்தது. போர் அந்த வழியை அடைத்தது. மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் காராஜீனனை நாடின. வடகடற் பாறைகளில் கிடைத்த பாசி போதவில்லை. வெப்பக் கடல்களைத் தேடியவர்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அதனைக் கண்டனர். 1960-களில் அங்கே கண்டபடி பறித்தனர். விதைக்காமல் அறுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் களஞ்சியம் நிற்கும்? தானே வளர்ந்த பாசி விரைவில் அருகியது.

கடலன்னை சினந்தாள் என்று எவரும் கைகட்டி நின்றுவிடவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழக அறிஞர் மாக்ஸ்வெல் டோட்டி, மெரைன் கொல்லாய்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் துணையோடு, பயிரிட்டுப் பார்க்க முனைந்தார். விதை வேண்டியதில்லை, ஒரு கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் அதுவே தழைக்கும். 1970-களின் தொடக்கத்தில் சூலுத் தீவுப் பகுதியில் முயற்சி பலித்தது. பெருந்தோட்டங்களாக அன்று, குடும்பங்களின் சிறு தோட்டங்களாகவே அது பரவியது. டோட்டியோடு உழைத்த விசென்டே அல்வாரெசின் பெயர், காப்பாஃபைகஸ் அல்வரேசி என்று பாசியின் அறிவியற் பெயரில் நிலைத்தது. தகுந்த பெருமைதான். ஆனால் இடுப்பளவு நீரில் நின்று கிளை கிளையாகக் கட்டிய ஆயிரமாயிரம் கைகளுக்கு எந்தப் பெயர் சூட்டினர்?

கடலுக்குப் பட்டா இல்லை, வரப்பு இல்லை, பண்ணையாரும் இல்லை. நிலமில்லாதவர்க்கு இது விடுதலை அன்றோ என்று நாம் மகிழலாம். ஆனால் கரையில் ஒரு தராசு இருக்கிறது. அந்தத் தராசை எவர் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கரையருகே உள்ள சான்சிபார் தீவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் நாற்றைக் கொண்டு 1989-இல் அங்கே வாணிபச் சாகுபடி தொடங்கியது. உழுதவர் பெரும்பாலும் பெண்கள். தம் கைப்பணத்தைக் கொண்டு வீட்டுக்குக் கூரை போட்டனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அதுவரை கணவன் கையை எதிர்பார்த்திருந்த கை, தானே ஈட்டும் கையாயிற்று! எனினும் கயிறும் நாற்றும் தந்த ஏற்றுமதியாளரே விலையும் சொன்னார்கள். கடல் சூடேறிய போது, கூடுதல் விலை பெறும் பாசி ஆழமற்ற கரையோரத்தில் மடிந்தது. மலிவான மற்றோர் இனமே எஞ்சியது. ஆழ்நீரில் பயிரிடலாம், அதற்குப் படகு வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும். அவர்களில் பலருக்கு இரண்டும் கிட்டாதவை.

அதே பாசி நம் கரைக்கும் வந்தது. மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி மூழ்கிப் பாசி பறித்து வாழும் மகளிர் உண்டு. 1986-இல் அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; அவர்கள் பறிப்பதற்குத் தடைகள் எழுந்தன. 1995-இல் மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆய்வு நிலையம் மண்டபத்தில் காப்பாஃபைகசை வளர்த்துப் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனத்தின் ஒப்பந்தச் சாகுபடி வந்தது. மூங்கில் மிதவையில் 60 கிலோ நாற்றுக் கட்டினால், 45 நாளில் ஏறத்தாழ நான்கு மடங்கு கிடைக்கும். சுய உதவிக் குழு மகளிர் கட்டினர், அறுத்தனர், உலர்த்தினர். 2013-க்குப் பின் கடல் வெப்பம் விளைச்சலைச் சரித்தது. குருசடைத் தீவருகே அப்பாசி பவளப் பாறைகளில் படர்ந்ததையும் 2008-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். வந்த பயிர் வாழ்வும் தரும், கேடும் செய்யும். எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று ஆராய்ந்து சொல்வது அறிவியலின் கடன்.

ஆனால் அறிவியல் விலையைக் கூட்டித் தராது. உலர்ந்த பாசியை மூட்டை கட்டி விற்பவளுக்குக் கிடைப்பது கூலி. அதனைத் தூளாக்கி விற்பவனுக்குக் கிடைப்பது இலாபம். இந்த வேற்றுமை வானத்திலிருந்து விழுந்ததன்று, தலையில் எழுதியதுமன்று. மனிதர் வகுத்த முறை. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்ற முடியும். சான்சிபார் மகளிர் சிலர் பாசியைத் தாமே அரைத்துச் சவர்க்காரம் செய்து விற்கத் தொடங்கினர். அடி சிறிதுதான், திசை சரியானது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. நாற்றைத் தரும் ஆய்வுக்கூடம் அறிவையும் சேர்த்துத் தரட்டும். நீரில் நிற்கும் உழத்தியர் கூட்டுறவாய்த் திரண்டு கரையிலேயே ஆலை காணட்டும். ஃபானி ஹெஸ்ஸேக்கு வரலாறு செய்த தவற்றை மண்டபத்து மகளிர்க்கும் செய்ய வேண்டாம். கயிறு கட்டும் கையிலேயே தராசும் இருக்கட்டும்!