‘வொண்டர்வோல்’ இசைத்தட்டும் பம்பாய்க் கலைஞரும்

1968ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி இலண்டனில் ‘வொண்டர்வோல் மியூசிக்’ என்னும் இசைத்தட்டு வெளியாயிற்று. பீற்றில்ஸ் என்ற நால்வர் குழுவில் முதன்மைக் கிற்றார் வாசித்த ஜோர்ஜ் ஹரிசன் தம் பெயரில் வெளியிட்ட முதற் தட்டு அது. அந்நால்வர் புதிதாகத் தொடங்கிய அப்பிள் நிறுவனத்தின் முதல் நெடுந்தட்டும் அதுவே.

றொக் இசைக் கிற்றார்க்காரர் ஒருவர் தனியே தட்டு வெளியிடுகிறார் என்றால், அவருடைய விரல்களின் வித்தையையே எவரும் எதிர்பார்ப்பர். இத்தட்டிலோ செனாயும் சரோத்தும் சந்தூரும் புல்லாங்குழலும் ஒலிக்கின்றன. கிற்றார் ஓங்கி முழங்கும் ‘ஸ்கீயிங்’ என்ற பகுதியை வாசித்தவரும் ஹரிசன் அல்லர். அவருடைய நண்பர் எரிக் கிளப்ரன். அவர் பெயர் உறையில் இடம்பெறவில்லை. அப்படியாயின் இது யாருடைய தட்டு? இவ்வினாவை நாம் எழுப்புவது ஹரிசனைக் குறைகூறுவதற்காக அன்று. கலை என்பது தனியொரு மேதையின் உள்ளத்திலிருந்து பொங்கி வழிவது என்று எம் மாணவருட் பலர் இன்றும் நம்புகின்றனர். அந்நம்பிக்கையை உரசிப் பார்க்க இதனினும் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

ஹரிசன் லிவர்பூலில் பஸ் தொழிலாளி ஒருவரின் மகனாக 1943இல் பிறந்தவர். 1965இல் பாடலொன்றில் சித்தாரைப் பயன்படுத்திய அவர், மறு ஆண்டு பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் அதனை முறையாகக் கற்கலானார். பின்னர் ஜோ மசோட் என்ற இயக்குநர் தமது ‘வொண்டர்வோல்’ திரைப்படத்திற்கு இசையமைக்குமாறு அவரை வேண்டினார். தனிமையில் வாழும் ஒரு பேராசிரியர், சுவரிலுள்ள துவாரத்தினூடாக அயல்வீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பார்த்துக்கொண்டிருப்பதே படத்தின் கதை. உரையாடல் மிகக் குறைவு. ஆகவே இசை பேசவேண்டியிருந்தது. ஹரிசன் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, அவ்வளவுக்குள் இசையைப் பொருத்தினார். தையற்காரர் அளவெடுப்பது போன்ற வேலைதான், அதுவும் உழைப்பே. 1967 நவம்பரில் இலண்டன் அபி ரோட் கூடத்தில் பணி தொடங்கிற்று. அங்கு வாசித்தோர் லிவர்பூலின் றெமோ போர் குழுவினர்.

1968 ஜனவரியில் ஹரிசன் மீண்டும் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்த எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒற்றைத் தட ஒலிப்பதிவே சாத்தியமாக இருந்தது. இரு தடங்களிற் பதியும் இயந்திரத்தைப் பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து புகையிரதத்திற் கொண்டுவந்து சேர்த்தார். ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர்ப் பயணம் அது. கூடத்தின் சுவர்களோ வீதியின் வாகன இரைச்சலை முற்றாகத் தடுக்கவில்லை. இந்நிலையிற் சில நாட்களுக்குள், தட்டின் ஏறக்குறைய அரைவாசி உருவாயிற்று.

அங்கு கூடிய கலைஞர் சாமானியர் அல்லர். சரோத் வாசித்த ஆசிஷ் கான், அலாவுதீன் கானின் பேரர். அலி அக்பர் கானின் மைந்தர். சந்தூர் வாசித்தவர் சிவகுமார் சர்மா. குழல் ஊதியவர் ஹரிபிரசாத் சௌராசியா. ஷம்பு தாஸ், இந்திரனீல் பட்டாச்சாரியா ஆகியோர் சித்தாரும், மகாபுருஷ் மிஸ்ரா தபலாவும் வாசித்தனர். சர்மாவும் சௌராசியாவும் அதற்குச் சற்று முன்னர், 1967இல், பிரிஜ் பூஷண் கப்ராவோடு சேர்ந்து ‘கோல் ஒவ் த வலி’ என்ற புகழ்பெற்ற தட்டை உருவாக்கியிருந்தனர். கப்ராவின் வாத்தியம் எது தெரியுமா? கிற்றார்! மேனாட்டுக் கிற்றார்க்காரர் சரோத்தைத் தேடி வந்த காலத்தில், இந்நாட்டார் கிற்றாரில் இராகம் இசைத்துக்கொண்டிருந்தனர். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை என்று யார் சொன்னது?

இனி உறைக்கு வருவோம். 1967இல் வெளிவந்த பீற்றில்ஸ் தட்டொன்றில், ஹரிசனின் நீண்ட பாடல் ஒன்றுக்கு இலண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் வாசித்தனர். உறையில் அவர்களின் பெயர்கள் இல்லை. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்பட்டன. ‘வொண்டர்வோல்’ உறையிலோ பம்பாய்க் கலைஞரின் பெயர்கள் வாத்தியங்களோடு அச்சிடப்பட்டன. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் பத்தொன்பது பகுதிகளுக்கும் ஆக்கியோன் என்ற உரிமை ஹரிசன் ஒருவருக்கே உரியதாயிற்று. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கத் கீர்வாணி’. கத் என்பது வட இந்திய வாத்தியக்காரர், தாளத்தில் அமைந்த ஒரு மெட்டை நிறுத்தி அதிலிருந்து விரித்துச் செல்லும் மரபுவழி வடிவம். கீர்வாணியோ எம்மவர் நன்கறிந்த கீரவாணி. கருநாடக இசையின் 21ஆவது மேளகர்த்தா. தெற்கிலிருந்து வடக்குக்குச் சென்று, அங்குள்ள வாத்தியக்காரர் கைகளிற் பயின்று வளர்ந்த இராகம் அது. அதனை எழுதியவர் லிவர்பூல் இளைஞர் என்று தட்டுச் சொல்லும்போது, ‘எழுதுதல்’ என்ற சொல் இசைவணிகத்தில் எத்தகைய பொருளைப் பெறுகின்றது என்பது புலனாகும். பயிற்சியும் மரபும் அவ்விடத்திலேயே உருவாகும் கற்பனையும் அக்கணக்கில் ஏறுவதில்லை. அன்றைய வாசிப்புக்குரிய கூலியே ஏறும். இது தனிமனிதரின் கொடுமை அன்று. பதிப்புரிமையின் அமைப்பே அத்தகையது.

இது எமக்குத் தொலைவான செய்தியன்று. கிண்ணியாவை அடுத்த கொட்டியாரக் குடாக் கரைகளில் வலை இழுப்போரின் அம்பாப் பாட்டை எண்ணுக. ஒருவன் அடியெடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவர். கயிற்றின் கனமே தாளத்தை விதிக்கும். இதனை ஆக்கியோன் யாரென்று அக்கரையிற் கேட்டால் நகைப்பர். ஆனால் இத்தகைய பாட்டு ஏட்டிலேறும்போது, தொகுத்தோர் பெயர் முகப்பிலும், பாடியோர் பெயர் எங்குமின்றியும் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். மாணவருக்கு நாட்டார் பாடல் சேகரிக்கும் பயிற்சி தரும் ஆசிரியர்கள், பாடியவரின் பெயரையும் ஊரையும் முதல் வரியில் எழுதச் சொல்லவேண்டும்.

பம்பாயில் அதே நாட்களில் இன்னொரு பதிவும் நடந்தது. திரைப்படத்திற்கென அன்றி, ‘தி இன்னர் லைற்’ என்ற பாடலுக்காக ஆசிஷ் கானும் சௌராசியாவும் மிஸ்ராவும் பிறரும் வாசித்தனர். ஹரிசன் இலண்டனிற் குரல் சேர்த்தார். 1968 மார்ச்சில் பீற்றில்ஸின் சிறுதட்டொன்றின் மறுபக்கத்தில் அது வெளியாயிற்று. அக்குழுவின் சிறுதட்டில் ஹரிசன் இயற்றிய பாடலொன்று இடம்பெற்றது அதுவே முதன்முறை. அத்தட்டின் வட்டத்தாளில் அவர் பெயர் இருந்தது. பம்பாய்க் கலைஞர் எவரது பெயரும் இல்லை.