59 பவுண்டு டிக்கெட்டும் மூணு பேரும்

1977 செப்டம்பர்ல ஃப்ரெடி லேக்கர் ஆரம்பிச்ச ஸ்கைட்ரெயின் விமானத்துல லண்டன் - நியூயார்க் ஒரு வழிக்கு 59 பவுண்டுதான். மறு வருஷம் அக்டோபர்ல 'தி போலீஸ்' குழு அதுலதான் அமெரிக்கா போச்சு. ஸ்டிங், ஆண்டி சம்மர்ஸ், ஸ்டூவர்ட் கோப்லண்ட்னு மூணே பேர். அங்க ஊர் ஊரா சுத்தினது ஒரு வேன்ல. மேனேஜர் மைல்ஸ், கச்சேரி பிடிச்சுக் கொடுத்த இயான் ரெண்டு பேருமே ஸ்டூவர்ட்டோட அண்ணன்கள் (குடும்ப கம்பெனி!).

பொதுவா ரெக்கார்டு கம்பெனி டூருக்குக் கொடுக்கிற காசு இனாம் கிடையாதுங்க, பின்னாடி ராயல்டில கழிச்சுக்குவாங்க. மைல்ஸ் பெரிய அட்வான்ஸே வேணாம்னு ராயல்டியை கூட்டிக் கேட்டார். கெட்டிக்காரர்! பொகிப்சி ஊர்ல கச்சேரி கேட்க வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், ஆனாலும் வாசிச்சாங்க. 1978ல இங்கிலாந்துல யாரும் கண்டுக்காத 'ராக்ஸேன்' பாட்டு, 1979ல ரெண்டு நாட்டுலயும் ஹிட்.