கணியம்பாடி கணக்கும் கைப்பேசியும்

போன மாதம் ஆம்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்திக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. ஒன்பதாவது படிக்கும் தங்கச்சியின் போனை வாங்கி சும்மா ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். அழும் முகம், 'நான் போனா யாரு தேடுவா' மாதிரி வசனம், கையில் கீறிக்கொண்ட காயம்... பத்தில் நாலு இப்படி. என் போனில் கிரிக்கெட்டும் பிரியாணியும்தான் வரும்! "எல்லாம் இந்த செல்போன் வந்த வினை" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. அது உண்மையா என்று தேடப்போய்த்தான் இதை எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் கனமானது.

தாத்தாவுக்குப் பதில் நம்ம ஊர்ப் பக்கமே இருக்கிறது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் வரும் கணியம்பாடி. அந்த ஒன்றியத்துக் கிராமங்களின் பிறப்பு, இறப்புகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்தது. 1992 முதல் 2001 வரை இறந்துபோன 10-19 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை, வீட்டாரிடம் விசாரித்துக் காரணவாரியாகப் பிரித்தார்கள். 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகள், 58 பையன்கள் என்ற விகிதத்தில் தற்கொலைகள். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதிக்கும் மேல் இதுதான். அப்போது இன்ஸ்டாகிராம் ஏது? அது பிறந்ததே 2010ல். போன் வருவதற்கு முன்பே சருகு காய்ந்துதான் கிடந்தது.

அதனால் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. 1774ல் ஜெர்மன் எழுத்தாளர் கதே 'வெர்தர்' நாவலை எழுதினார். கதாநாயகனைப் போலவே உடுத்திய இளைஞர்கள் அவனைப் போலவே சாகவும் துணிகிறார்கள் என்று பயந்து, லைப்ஸிக் நகரம் 1775ல் புத்தகத்தைத் தடை செய்தது. 1974ல் டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தற்கொலைச் செய்தி முதல் பக்கத்தில் வந்த பிறகு எண்ணிக்கை ஏறுவதைக் காட்டி, அதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயர் வைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வியன்னா கதை. 1980களில் அங்கே சுரங்க ரயில் தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதித் தள்ளின. 1987ல் மனநல மருத்துவர்கள் வழிமுறைகளைக் கொடுத்து, இப்படி எழுதாதீர்கள் என்று கேட்டார்கள். ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே அங்கே தற்கொலைகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன!

நாம் 2017ல் என்ன செய்தோம்? 'புளூ வேல்' விளையாட்டு என்று டிவிக்கள் நாள் முழுக்க ஓட்டின. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கு எடுத்தது. கடைசியில் 2018 ஜனவரியில் மத்திய அரசு, எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டின் பங்கு உறுதியாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னது. இல்லாத பூதத்துக்கு நாமே விளம்பரம் கொடுத்திருக்கிறோம். இந்தியப் பத்திரிகை கவுன்சில் செய்தி வெளியிடும் முறைக்கு வழிகாட்டுதலை ஏற்றது 2019ல்தான்.

அதே 2017ல் லண்டனில் மாலி ரஸ்ஸல் என்ற 14 வயதுப் பெண் இறந்தாள். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, லைக் போட்ட, பகிர்ந்தவை சுமார் 16,300. அதில் 2,100 மனச்சோர்வு, சுயகாயம், தற்கொலை பற்றியவை. மனச்சோர்வோடு இணையத்தில் பார்த்தவையும் அவள் சாவுக்குக் காரணம் என்று 2022ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

வியன்னாவில் பேச ஒரு ஆசிரியர் இருந்தார். ரீல்ஸுக்கு ஆசிரியர் கணக்குப் புத்தகம்தான். (பி.காம். படிக்கிறவன் இதையாவது சொல்ல வேண்டாமா?) எவ்வளவு நேரம் பார்க்கிறாயோ அவ்வளவு விளம்பரம். ஒரு சோக வீடியோவில் பத்து நொடி நின்றால் அடுத்து இன்னும் நாலு வரும். ஏற்கெனவே வாடியிருக்கும் பிள்ளைதான் அங்கே நிற்கும்.

அன்று ராத்திரி தங்கச்சியிடம் நேராகவே கேட்டுவிட்டேன், "உனக்கு அப்படித் தோணுதா?" என்று. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது தப்பு. கேட்பது நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதலில் முறைத்தாள். அப்புறம், "எனக்கு இல்லண்ணா, என் கூட படிக்கிற ஒருத்தி அனுப்புறா" என்றாள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ இருவருமாக அந்தப் பெண்ணுக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் சித்தி அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார்.