"ஓடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்

போன தீபாவளிக்கு முந்தின வாரம். நாங்கள் இருப்பது பூனேயில். மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹிந்தி, வீட்டில் தமிழ். நான் லேப்டாப்பில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து வந்து, "அப்பா, ரன்னுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். தலையைத் தூக்காமலே "ஓடு" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி கோவில்பட்டிக்குப் போன். என் அப்பா அங்கே சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறார். இவள் ரொம்ப அக்கறையாக, "தாத்தா, நீங்க இன்னும் கடை ஓடுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள் போல. தாத்தா, ஆச்சி, அத்தை, எல்லோரும் சேர்ந்து ஒரே சிரிப்பு. யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் இவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் தாத்தா போன் செய்தால் "ம்", "சரி", "இல்ல". அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், "எனக்குத் தமிழ் வராதுப்பா" என்கிறாள்.

தப்பு அவள் மேல் இல்லை. ஒரே வார்த்தையில் பதில் சொன்ன என் மேல்தான். நான் அரை நொடியில் முடித்த அந்த வேலைக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் அவர் பிரித்து எழுதிய பொருள்கள் 645!

அந்த அகராதியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பிறந்த யோசனை அது. ஒவ்வொரு சொல்லும் எப்போது, எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்று மேற்கோளோடு காட்ட வேண்டும். 1879-இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியர் ஆனார். ஸ்காட்லாந்துக்காரர், பதினாலு வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுவரெல்லாம் சின்னச் சின்ன மாடக்குழி அடித்து, அதில் துண்டுச் சீட்டுகளை அடுக்கி வேலையை ஆரம்பித்தார். சீட்டுகளை அனுப்பியவர்கள் பெரும்பாலும் சாதாரண வாசகர்கள். புத்தகம் படிக்கும்போது ஒரு சொல் கண்ணில் பட்டால், அது வந்த வாக்கியத்தையும் புத்தகத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதித் தபாலில் போட்டுவிடுவார்கள். சம்பளம் கிடையாது.

பத்து வருடத்தில் முடிப்பதாக ஒப்பந்தம். ஐந்து வருடம் கழித்து 1884-இல் முதல் பகுதி வந்தபோது எறும்பைக் குறிக்கும் "ஆன்ட்" வரைதான் வந்திருந்தார்கள்! மர்ரே 1915-இல் இறந்துபோனார். அகராதி முடிந்தது 1928-இல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்திலேயே மர்ரே ஒரு சிக்கலைக் கவனித்தார். "அப்யூஷன்" என்று வழக்கொழிந்த ஒரு சொல். அதற்குச் சுமார் ஐம்பது சீட்டுகள் வந்திருந்தன. எல்லோரும் தினமும் சொல்லும் "அப்யூஸ்" என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. படிக்கிறவர்கள் விசித்திரமான சொல்லைப் பார்த்ததும் குறித்துக்கொண்டார்கள். சாதாரணச் சொல் கண் முன்னால் வந்தும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதனால் 1879-இல் பொதுமக்களுக்கு விட்ட வேண்டுகோளில், சாதாரணச் சொற்களுக்கும் மேற்கோள் அனுப்புங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியதாயிற்று.

அப்படிச் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அகராதியில் அதிக இடம் பிடிப்பது பெரிய பெரிய சொல் எதுவும் இல்லை, மூன்று எழுத்து "செட்" என்று. தட்டை மேசையில் வைப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, அச்சுக் கோப்பது, ஜெல்லி உறைவது, சூரியன் மறைவது எல்லாமே செட். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள், விளக்க மட்டும் 60,000 சொற்கள். ஒரு சிறு நாவல் அளவு. பிறகு மூன்றாம் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். 2000-இல் "மேக்" அதைத் தாண்டியது. 2007-இல் "புட்". 2011-இல் ரன் வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது.

ரன் ஏன் இப்படிப் பெருகியது? ஒரு காரணம் இயந்திரம். கடிகாரம், ரயில், தொழிற்சாலை, கடைசியில் கம்ப்யூட்டர் என்று புதிதாக எது வந்து இயங்கினாலும் அதற்கும் இதே சொல்லைப் போட்டுவிட்டார்கள். இன்னொரு காரணம் ரொம்பப் பழையது. அது நம்ம தமிழை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும்.

தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக ஓடினால் ஓடு. இன்னொன்றை ஓடச் செய்தால் ஓட்டு. நட - நடத்து, கிட - கிடத்து, அமர் - அமர்த்து, எழு - எழுப்பு, இப்படி ஜோடி ஜோடியாக இருக்கும். பழைய ஆங்கிலத்திலும் இது இருந்தது! அமர்வதற்கு "சிட்டன்", அமர்த்துவதற்கு "செட்டன்". அவைதான் இன்றைய சிட், செட். தானாக ஓடுவதற்கு "ரின்னன்", "இர்னன்" என்று ஒரு சொல், ஓட்டுவதற்கு "ஆர்னன்" என்று இன்னொன்று. வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியிலும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது. இடைக்காலத்தில் இவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ரன் என்ற ஒரே சொல்லாகிவிட்டன. அதாவது ஓடுவதும் ஓட்டுவதும் ஒன்றாகிப் போயின. ஃபால் - ஃபெல், லை - லே, ரைஸ் - ரெய்ஸ் என்று சில ஜோடிகள் மட்டும் மிச்சம். ஆங்கிலேயர்களே லை எது, லே எது என்று இன்றும் குழம்புகிறார்கள்.

என் மகள் செய்ததும் இதுதான். ஆங்கிலத்தில் குதிரையும் ரன், கடை நடத்துவதும் ரன். (கடைக்கு அதைச் சொல்லும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவியது.) ஆங்கிலேயன் கடையை ஓட வைக்கிறான், நாம் நடக்க வைக்கிறோம். நிதானமான ஆட்கள் :-)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். ஆங்கிலத்தில் ரன் வரும், தமிழில் ஓடாது, அது ஒரு பக்கம். மூக்கு ஒழுகும். துணியில் சாயம் போகும். காய்ச்சல் அடிக்கும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரரும் நம்மூர்க்காரரும் நிற்பார்கள். தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் ரன் வராது, அது எதிர்ப் பக்கம். பதற்றத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது. மனசு எங்கேயோ ஓடும். இரண்டிலும் ஓடுபவை கீழே. பஸ், கடிகாரம், மூன்று மாதம் ஓடிய படம். கிரிக்கெட்டுக்கு வந்தபோது, "பவுண்டரி அடிச்சா யாரும் ஓடவே வேண்டாமே, அப்புறம் ஏம்பா நாலு ரன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அதையும் எழுதிக்கொண்டோம்.

எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. யானை, மயில், திருவள்ளுவர், பொங்கல் என்று பெயர்ச்சொல்லாகத்தான் பிள்ளைகளுக்கு நாம் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஓடு, போடு, வை, எடு, அடி, விடு என்ற சின்ன வினைச்சொற்களை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஊரில் இருந்தால் அது தெருவிலும் கடையிலும் தானாகக் காதில் விழும். இங்கே விழாது. அந்த இடத்தில் "பண்ணு" வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரன் பண்ணு, டிரைவ் பண்ணு, செட் பண்ணு. நானே அப்படித்தான் பேசுகிறேன். மர்ரேக்கு வந்த சீட்டுகள் மாதிரிதான் நம்ம வீடும். அபூர்வமானது ஐம்பது, அன்றாடம் ஐந்துகூட இல்லை.

அகராதியால் ஓரளவு உதவ முடியும். 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருகிறது. அதை அலமாரியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். ஆனால் மீதியைப் பேசித்தான் கற்க வேண்டும். பேசினால் தப்பு வரும். தப்புக்குச் சிரித்தால் பேச்சு நின்றுவிடும். ஊருக்குத் தனியாகப் போன் செய்து இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிப்பா" என்றார்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "தாத்தா, கடை எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"ஏதோ ஓடுது தாயி" என்றார் அவர்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, தாத்தாவும் ஓடுதுன்னுதான் சொல்றாங்க!"