இரும்பு மாளிகையில் ஓர் அலுவலக அறை

மும்பை மாநகரின் காலாகோடா பகுதியில், உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், எஸ்பிளனேட் மேன்ஷன் என்னும் ஐந்தடுக்குக் கட்டடம் உள்ளது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வார்ப்பிரும்புக் கட்டடம் இதுவே என்பர். ஒரு பெருநகரில் சிறியதோர் அலுவலக அறையை வாடகைக்குப் பெறுவதற்குள் எத்தனை நீதிகளும் அநீதிகளும் ஒளிந்திருக்கின்றன என்பதை இதன் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1860-களில், பார்ட்டில் பிரேர் ஆளுநராயிருந்த காலத்தில், பம்பாய்க் கோட்டையின் மதிற்சுவர்கள் இடிக்கப்பட்டன. அதனால் கிடைத்த புதிய வெளியில் ஜான் வாட்சன் என்ற துணி வணிகர் ஒரு மாளிகை எழுப்ப விரும்பினார். ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளர் அதனை வடிவமைத்தார். இரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டு, 1867-க்கும் 1869-க்கும் இடையே இங்கே பொருத்தி நிறுத்தப்பட்டன. அதுவே வாட்சன் விடுதி. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1896-இல் அங்கே தங்கினார். அதே ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் திரையிடப்பட்டன.

1903-இல் தாஜ்மகால் விடுதி திறக்கப்பட்டபின் வாட்சன் விடுதியின் புகழ் மங்கியது. பின்னாளில் விடுதி மூடப்பட்டது. அறைகள் தடுப்புகளால் கூறுபோடப்பட்டு, வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. நீதிமன்றங்கள் அருகில் இருந்தமையால் வழக்கறிஞர்கள் பலர் அங்கே குடியேறினர். வழக்கறிஞருக்கு அலுவலகம் என்பது ஒரு மேசையும், கட்சிக்காரர் அமர ஒரு நாற்காலியும், சட்டநூல்களுக்கு ஓர் அலமாரியுமே. ஆயினும் அது நீதிமன்ற வாயிலுக்கு அண்மையில் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே ஒரு சிற்றறையும் பொன்னாக மதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் சட்டம் உள்ளே நுழைகிறது. போரினாலும், பின்னர் நாட்டுப் பிரிவினையினாலும் பம்பாயில் மக்கள் நெருக்கம் பெருகியது. வீட்டு உரிமையாளர்கள் மனம்போல் வாடகையை உயர்த்தாதிருக்க 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையே நியாய வாடகைக்கு அடிப்படை எனப்பட்டது. குடியிருப்புக்கு மட்டுமன்றி, அலுவலகத்துக்கும் கடைக்கும் அது பொருந்தியது. எளியோர் தெருவில் நிற்கலாகாது என்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தை யார் குறைகூற முடியும்?

ஆனால் விலைவாசி உயர்ந்துகொண்டேயிருக்க, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அறையின் உண்மையான மதிப்பு வேறொரு வழியில் வெளிப்பட்டது. அதற்குப் பெயர் 'பக்டி'. தலைப்பாகை என்பது அச்சொல்லின் பொருள். புதிதாக அறையைப் பெறுபவர் பெருந்தொகை ஒன்றை முன்னதாகவே கொடுத்துவிடுவார்; பின்னர் மாதந்தோறும் மிகச் சிறிய வாடகையே செலுத்துவார். அவர் வெளியேறும்போது அடுத்து வருபவரிடம் பெருந்தொகை பெறுவார். அதில் ஒரு பங்கு உரிமையாளருக்குச் சேரும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமெனக் கூறியது. எனினும் நகரெங்கும் இதுவே நடைமுறையாயிற்று. சட்டத்தைக் கற்றோரும் சட்டம் அறியாத இவ்வழக்கத்தின் வழியாகவே அறை தேட வேண்டிய நிலை!

இதன் விளைவு என்ன? வாடகை மிகக் குறைவானதால் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனமில்லை. கட்டடம் தமக்குச் சொந்தமன்று என்பதால் குடியிருப்போருக்கும் மனமில்லை. பழைய கட்டடங்களைச் செப்பனிட 1969-இல் தனிச்சட்டத்தின் வழியே ஒரு வாரியம் அமைக்கப்பட்டு, அதற்கென வரியும் விதிக்கப்பட்டது. இருந்தும் நகரின் பழைய கட்டடங்கள் பல பொலிவிழந்தன. கடற்காற்று அரித்த இரும்புக்கு 1940-ஆம் ஆண்டு வாடகையைக் கொண்டு வண்ணம் பூச இயலுமோ?

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காலத்தால் உறைந்துபோன இந்த வாடகை விதிகள் நியாயமற்றவையாகிவிட்டன என்று கூறியது. அடுத்து வந்த 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆண்டுதோறும் 4 விழுக்காடு வாடகை உயர்வுக்கு இடமளித்தது. பக்டித் தொகையைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. வங்கிகளையும், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனமுடைய பெரு நிறுவனங்களையும் வாடகைப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. ஏழைக்காக எழுப்பிய வேலிக்குள் செல்வரும் நெடுங்காலம் நிழல் கண்டனர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

ஆனால் எஸ்பிளனேட் மேன்ஷனுக்கு இது காலங்கடந்த மருந்து. 2005-இல் அதன் மேல்மாடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் பலியாயிற்று. உலக நினைவுச்சின்ன நிதியம், அழிவின் விளிம்பிலுள்ள 100 இடங்களைக் கொண்ட 2006-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதனைச் சேர்த்தது. 2019-இல், கட்டடம் பாதுகாப்பற்றது என்பதால், அனைவரும் வெளியேற வேண்டுமென உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீதி கேட்டு நாள்தோறும் அந்நீதிமன்றத்துக்கு நடந்து சென்றவர்களே அதன் ஆணைப்படி தம் நூல்களை மூட்டை கட்டினர்.

அன்பு வாசகர்களே, இங்கே கொடியவர் என்று ஒருவரைச் சுட்டுவது எளிதன்று. பேராசைக்கு அஞ்சிச் சட்டம் செய்தவர் நல்லதையே எண்ணினார். தம் பிழைப்பைக் காத்துக்கொண்ட வாடகைதாரரையும் பழிப்பதற்கில்லை. வருவாயின்றிச் செலவு செய்ய மறுத்த உரிமையாளரின் கணக்கும் விளங்காததன்று. அவரவர் உரிமை அவரவரிடம் பத்திரமாக இருந்தது. பேணும் கடமைதான் எவர் கையிலும் இல்லாது போயிற்று. மேல்மாடம் சரிந்த அன்று அதற்கான விலையைக் கொடுத்தவரோ, இந்தப் பேரத்தில் எவ்விதப் பங்கும் பெறாத ஒருவர். வாடகை ஒப்பந்தம் எழுதும் இரு தரப்பாரும், கட்டடத்தின் கீழே நடந்து செல்லும் அந்த மூன்றாம் மனிதரையும் நினைவில் கொள்வார்களாக.