அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

மணலி புதுநகர்ல இருக்கறவங்களுக்குப் புகைபோக்கின்னாலே மணலி சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகம் வரும். அது 1969-ல ஓட ஆரம்பிச்சது. அதுக்கும் முன்னாடியே, வீட்டு விறகு அடுப்புக்கும் புகைபோக்கி வேணும்னு ஒருத்தர் எழுதினார். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு. புகையில்லாத சமையலறை பத்தின அவரோட புத்தகம் 1953-ல நம்ம சென்னையிலதான் வெளியாச்சு.

அவர் சொன்னது மண் அடுப்புதான். ஒரே தீ, வரிசையா சில குழிகள், கடைசியில கூரைக்கு மேல போற குழாய். சூடான காற்று குழாயில ஏறும்போது அடுப்பு வாய் வழியா புதுக்காற்றை இழுக்கும். புகையும் அதோட வெளியே போயிடும். ஆனா பானை குழியில கச்சிதமா உட்காரணும். இடுக்கு இருந்தா இழுவை குறையும், புகை சமைக்கறவங்க முகத்துக்கே வரும்.

1983-ல மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்குன்னு ஒரு தேசியத் திட்டமே கொண்டுவந்தது. 2002-ல அது முடியறதுக்குள்ள 3 கோடிக்கும் மேல அடுப்புகள் வச்சாங்க. நிறைய அடுப்புகள் சில வருஷத்துலயே வீணாப்போச்சு. குழாயில கரி அடைச்சுது, மண் விரிசல் விட்டுது. சரிபண்ண ஆள் வரலை. அடுப்பை எண்ணினாங்க, பராமரிப்பை மறந்துட்டாங்க.

இன்னிக்கும் சிலிண்டர் தீர்ந்தா விறகு மூட்டற வீடுகள் உண்டு. காய்ஞ்ச விறகு, திறந்த சன்னல், சுத்தமான குழாய், இது மூணும் முக்கியம். தணலை மூடின அறைக்குள்ள வச்சுட்டுத் தூங்கிடாதீங்க. புகை கண்ணை எரிச்சு எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.