எக்ஸ்பி போன ஏப்ரல்



2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு நின்றுவிட்டது. "சார், பழைய சிஸ்டத்தை வெச்சுக்கலாமா, மாத்திடலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். இதே கேள்வி 2014-ல் தமிழ்நாட்டுக்கே வந்தது.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 கெடு. அதற்குப் பிறகும் கணினி ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கத்தான் யாரும் வரமாட்டார்கள். தேதி பல வருடம் முன்பே தெரியும். ஆனாலும் தீபத்துக்கு முந்தின நாள் வெள்ளையடிக்க ஆள் தேடுவதுபோலத்தான் நடந்தது. திருவண்ணாமலையில் நான் பார்த்த அலுவலகங்கள், பள்ளிகள், டி.டி.பி. சென்டர்கள் பெரும்பாலும் எக்ஸ்பிதான். பல பெட்டிகளில் 512 எம்.பி. ராம்கூட இருக்காது. விண்டோஸ் 7-க்குக் குறைந்தது 1 ஜி.பி. வேண்டும். அதாவது புது விண்டோஸ் என்றால் புதுப் பெட்டி.

அரசு வேறு வழி சொன்னது. துறைகளை 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. (பெயரே பாஸ், மறுக்க முடியுமா!) சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, லினக்ஸைக் கையில் எடுத்திருந்தது.

பெட்டியைவிடக் கோப்புகள்தான் பாடாய்ப் படுத்தின. வானவில் மாதிரியான பழைய ஃபாண்டில் அடித்த கடிதத்தை, அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து ஏதோ வரும். யூனிகோடைப் பயன்படுத்த 2010-லேயே அரசாணை வந்தாயிற்று. அப்போதே மாற்றியிருந்தால் 2014-ல் பாதிச் சுமை குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஏ.டி.எம். இயந்திரங்களில் எக்ஸ்பி அதற்குப் பிறகும் ஓடியது. 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி 2018 ஜூனில்தான் வங்கிகளுக்குக் கெடு வைத்தது. இடையில், 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகமெங்கும் பரவியது. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் கொடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, உலக அளவில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல, அப்டேட் போடாத விண்டோஸ் 7.

ஆகவே, கேட்டவர்களுக்கு: முதலில் பழைய ஃபாண்ட் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, தனியாக ஒரு பிரதி எடுங்கள். பிறகு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்தே கணினியை ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்தால் பழைய பெட்டியே போதும். வேலை செய்யாவிட்டால் கடைக்காரரிடம் போகலாம்.